பாரம் 14-ஐ வாங்காமல் கிளம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் மலேசியாவில் வாக்குச் சீட்டு இன்னும் காகிதம்தான். எண்ணுவதும் அதே வாக்களிப்பு மையத்தில், சாலுரான் (வாக்களிக்கும் அறை) வாரியாக. முடிவு பதிவாவது பாரம் 14 (Borang 14) என்ற படிவத்தில். வேட்பாளர்களின் களைத்துப்போன முகவர்கள் அதன் பிரதியை வாங்காமலே வீட்டுக்குக் கிளம்பிவிடுவது பெரும் தவறு. பிறகு, எல்லா மையங்களின் வாக்குகளையும் கூட்டும் மையத்தில் வாசிக்கும் எண்ணை எதைக் காட்டி மறுப்பது?

கையெழுத்திடுமுன் கூட்டிப் பாருங்கள்: செல்லுபடியானவை, நிராகரித்தவை, பெட்டியில் போடாமல் போனவை மூன்றும் சேர்ந்து, வழங்கிய சீட்டுகளுக்குச் சமமாக வேண்டும். அவசரத்தில் எழுதிய 1, பிரதியில் 7 போலத் தெரியும். எண்ணைச் சொற்களிலும் எழுதச் சொல்லுங்கள். தேர்தல் ஆணையம் எல்லா பாரம் 14-களையும் ஸ்கேன் செய்து அன்றிரவே இணையத்தில் ஏற்றட்டும்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு