மைக் முன்னால் சிரித்த வாத்தியாருக்கு

மதிப்புக்குரிய நாட் டி. வில்லியம்ஸ் சார் அவர்களுக்கு,

வணக்கம். நானும் ஒரு வரலாற்று ஆசிரியர். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் வாத்தியாராகவும் ரேடியோ அறிவிப்பாளராகவும் இருந்த நீங்கள் 1983லேயே காலமாகிவிட்டீர்கள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது. இருந்தாலும் வாத்தியாருக்கு வாத்தியார் எழுதலாம் என்ற உரிமையில் எழுதுகிறேன். நம் ஆட்கள் நாலு பேர் இதைப் படித்து உங்களைத் தெரிந்துகொண்டால் எனக்கு அதுவே போதும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பேர்போன பி.பி. கிங் பாட்டு வழியாகத்தான் உங்களிடம் வந்தேன். அவருடைய கிதாரைத் தேடிப் போனால் மெம்பிஸ் நகரத்து ரேடியோ ஒன்று வந்தது, அந்த ரேடியோவைத் தேடிப் போனால் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அன்றிலிருந்து உங்களை விடவில்லை.

அந்த ரேடியோவின் பெயர் டபிள்யூடிஐஏ, 1947 ஜூன் மாதம் பிறந்த நிலையம். அதன் சக்தி 250 வாட். எங்கள் வீட்டு மிக்சியே 750 வாட் சார். அதில் மூன்றில் ஒரு பங்கு பலத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊருக்கே பாட்டுப் போட வேண்டும். அதுவும் பொழுது சாய்ந்தால் மூடிவிட வேண்டும். மீடியம் வேவ் அலை ராத்திரியில் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும், அடுத்த ஊர் நிலையத்தோடு மோதும் என்பதால் இந்த மாதிரி சின்ன நிலையங்கள் பலவற்றுக்குப் பகலில் மட்டும்தான் அனுமதி. முதலாளிகள் ஜான் பெப்பர், பெர்ட் ஃபெர்குசன் இருவரும் வெள்ளையர். கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமத்துப் பாணிப் பாட்டு போட்டார்கள், மெல்லிய பாப் பாட்டு போட்டார்கள், கொஞ்சம் சாஸ்திரீய இசைகூடப் போட்டார்கள். ஊரில் ஏற்கெனவே பெரிய நிலையங்கள் அதையெல்லாம் நன்றாகவே செய்துகொண்டிருந்தன. கேட்க ஆளில்லை, விளம்பரமும் இல்லை.

அந்த ஊரில் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் கறுப்பின மக்கள். அவர்கள் வீட்டிலும் ரேடியோ இருந்தது. ஆனால் அவர்களுக்கென்று ஒரு முழு நிலையமும் பேசியதில்லை. ஃபெர்குசன் உங்களைக் கூப்பிட்டார். மெம்பிஸில் கறுப்பின மக்களின் இசைக்குப் பேர்போன பீல் வீதியில் பிறந்த ஆள் நீங்கள். புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தினீர்கள், பத்திரிகையில் பத்தி எழுதினீர்கள், அதே பீல் வீதியின் பேலஸ் தியேட்டரில் புதுமுகங்கள் பாடும் இரவுகளைத் தொகுத்து வழங்கினீர்கள். ஊருக்கே தெரிந்த குரல், ரேடியோவுக்குத்தான் புதுசு.

1948 அக்டோபர் 25, சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருப்பீர்கள். சட்டையில் சாக்பீஸ் தூள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், எனக்கு எப்போதும் இருக்கும். உங்கள் ‘டேன் டவுன் ஜூபிலி’ நிகழ்ச்சியின் முதல் நாள். உங்களை அறிமுகப்படுத்திவிட்டு மைக்கைத் திறந்தார்கள். என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது மொத்தமும் மறந்துபோனது. வேறு வழி தெரியாமல் சிரித்துவிட்டீர்கள். வாய்விட்டு, வயிறு குலுங்க. அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது. அன்று முதல் அந்தச் சிரிப்புதான் உங்கள் நிகழ்ச்சியின் அடையாளம்.

இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அமெரிக்காவின் தெற்கில், பஸ்ஸில் பின் இருக்கை, தண்ணீர்க் குழாய் தனி, பள்ளிக்கூடம் தனி என்று இருந்த காலம். அந்தப் பக்கத்து வெள்ளையர் பத்திரிகைகள் பல, ஒரு கறுப்பினப் பெரியவரின் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்றோ ‘திருமதி’ என்றோகூடப் போட மாட்டார்கள். ‘அவன்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது தமிழ் பேசுகிற எங்களுக்குச் சொல்லாமலே புரியும். அப்படிப்பட்ட ஊரில், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு கறுப்பின மனிதர் ரேடியோவில் வாய்விட்டுச் சிரித்தார். நிலையத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. சிரிப்புக்கு வந்த மிரட்டல் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

மிரட்டலோடு சேர்ந்து கேட்கிறவர்களும் வந்தார்கள். 1949க்குள் கன்ட்ரி பாட்டு போய், காலை முதல் பொழுது சாயும்வரை முழு நிகழ்ச்சியும் கறுப்பின மக்களுக்கென்று ஆனது. அமெரிக்காவில் அப்படி மாறிய முதல் நிலையம் இதுதான். வில்லா மன்றோ அம்மா வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பகலில் துணி ஆலையில் வேலை பார்த்த உங்கள் பழைய மாணவர் ரூஃபஸ் தாமஸ் பின்னால் வந்து சேர்ந்தார். ரைலி கிங் என்ற மிசிசிப்பி இளைஞர் கிதாரோடு வாசலில் வந்து நின்றார். முதலில் அவரிடம் என்ன வேண்டும் என்று விசாரித்தது நீங்கள்தானாம். பெப்டிகான் என்ற டானிக்கைப் பாட்டுப் பாடி விற்க அவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. ‘பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாய்’ என்று பெயர் வந்தது, அது சுருங்கிச் சுருங்கி பி.பி. ஆனது. அவருடைய முதல் ரெக்கார்டைக்கூட 1949இல் அதே நிலையத்து ஸ்டுடியோவில்தான் பதிவு செய்தார்கள்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டைத்தான் எண்ணுகிறார்கள் சார். கன்ட்ரி போனது, ப்ளூஸ் வந்தது, நிலையம் பிழைத்தது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ரெக்கார்டை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கித் தட்டில் வைத்துச் சுற்றவிடலாம். வேறு ஓர் ஆளை உட்காரவைத்து அதே ப்ளூஸ் ரெக்கார்டுகளைப் போட்டிருந்தால் ஊர் இப்படித் திரும்பியிருக்குமா? மாறியது யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது. காணாமல் போனவர்கள், தொலைந்த சாமான்கள், தேவாலயத்து விசேஷங்கள் என்று ஊர்ச் செய்தியெல்லாம் உங்கள் நிலையத்தில் அறிவிப்பாக வந்தது. ‘பிரவுன் அமெரிக்கா ஸ்பீக்ஸ்’ என்று நீங்கள் ஒரு விவாத நிகழ்ச்சி நடத்தினீர்களே, இனப் பிரச்சினையை அந்த வருடங்களில் தெற்கத்தி ரேடியோவில் வெளிப்படையாகப் பேசியது! அந்த ஒன்றுக்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு ஒட்டுகிறது என்று யோசித்தேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது பெரியப்பா போஸ்ட் கார்டு வாங்கி இலங்கை வானொலிக்குப் பாட்டுக் கேட்டு எழுதுவார். ஒருநாள் அறிவிப்பாளர் பெரியப்பாவின் பெயரை வாசித்தார், கூடவே எங்கள் ஊர்ப் பெயரையும். பெரியம்மா கையில் மாவோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அதற்கப்புறம் என்ன பாட்டு ஓடியது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பெயர் வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சில விஷயங்கள் உறுத்துகின்றன, அதையும் உங்களிடமே சொல்லிவிடுகிறேன். தொடக்க வருடங்களில் நீங்கள் பேசுவீர்கள், கண்ட்ரோல் போர்டில் உட்கார்ந்து ரெக்கார்டைச் சுற்றவிட்டது வெள்ளையர். குரல் உங்களுடையது, பொத்தான் அவர்களுடையது. முதலாளி நாற்காலியிலும் உங்கள் ஆட்கள் யாரும் உட்காரவில்லை. கறுப்பினத்தவரே சொந்தமாக வாங்கிய முதல் நிலையம் 1949இல் அட்லான்டாவில்தான் வந்தது, ஜெஸ்ஸி பிளேட்டன் வாங்கிய டபிள்யூஈஆர்டி. 1954இல் உங்கள் நிலையம் 50,000 வாட்டுக்கு ஏறியது. 250இலிருந்து இருநூறு மடங்கு! மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடு முழுக்கக் கேட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எங்கள் கையெட்டும் தூரத்தில் என்று நிலையம் விளம்பரக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் உங்கள் தொண்டையிலிருந்து வந்தது என்பது என் கணக்கு. நீங்களோ வாத்தியார் வேலையை விடவே இல்லை. விடிகாலையில் ‘காபி கிளப்’ நிகழ்ச்சி, பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடியும் மைக்.

எங்கள் பக்கத்திலும் ஒரு சின்ன எஃப்எம் இருந்தது. பெயர் வேண்டாம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அதில் பேசிக்கொண்டிருந்தாள். வெங்காய விலை, வத்தலக்குண்டு பஸ், எந்த ஊரில் திருவிழா, நடுநடுவே பழைய பாட்டு. ஒருநாள் பாட்டு வகையை மாற்றுகிறோம் என்றார்கள். புதுப் பாட்டு வந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் கூடவே அந்தப் பெண்ணையும் மற்ற மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பேச்சு வேறொரு ஊரிலிருந்து வருகிறது. குரல் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைத்தான் தப்பாக உச்சரிக்கிறது. அவள் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் பார்த்தபோது, “இன்னும் பஸ் நேரம் எல்லாம் மனப்பாடமா இருக்கு சார்” என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரிதான் தோன்றியது.

போன வாரம் பத்தாம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு உங்கள் கதையைச் சொன்னேன். மைக் முன்னால் மறந்துபோய்ச் சிரித்த இடத்தில் வகுப்பே சிரித்தது. வெடிகுண்டு என்றதும் அமைதியாகிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன், பெரும்பாலும் வாயைத் திறக்காதவன், கையைத் தூக்கினான்.

“சார், மறுநாள் அவரு ஸ்கூலுக்கு வந்தாரா?”

அக்டோபர் 25 திங்கட்கிழமை. அடுத்த நாள் செவ்வாய், பள்ளி நாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எங்கும் நான் படிக்கவில்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் அதே பள்ளியில் வரலாறு நடத்திய மனிதர் நீங்கள். வந்திருப்பார்டா, முதல் மணிக்கே வந்திருப்பார் என்று சொன்னேன். நான் சொன்னது சரிதானே சார்?

அன்புடன்,
திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வரலாற்று வாத்தியார்