முணுமுணுத்தால்தான் கணக்கு வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஒன்பது வயது, மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். காது நன்றாகக் கேட்கும், ஆனால் ஒரு வாக்கியத்தைக் கோத்துச் சொல்வதற்குள் திணறிப்போவான். கணக்குப் போடும்போது வாய் ஓயாது. இதற்காகவே அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. "மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கிறது, மனசுக்குள் போடப் பழக்குங்கள்" என்றார் ஆசிரியை.

சரி, பார்ப்போம் என்று வீட்டில் இரண்டு கணக்குக் கொடுத்தேன். 42-இல் 17 போனால்? "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு, நாலு மூணாச்சு" என்று விரலால் தாளைத் தட்டித் தட்டிச் சொல்லி 25 என்று எழுதினான். அடுத்தது 53-இல் 28, வாயைத் திறக்காமல் போடச் சொன்னேன். கடன் கொடுத்த ஐந்தை நான்காக்க மறந்து 35 என்று எழுதிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

குழந்தை தனக்குத்தானே பேசுவது வளர வளர வெறுமனே உதிர்ந்துபோகும் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே நினைத்தார். அது உதிர்வதில்லை, முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, கடைசியில் உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. படம் வரையும் குழந்தைக்கு வேண்டிய பென்சில் கிடைக்காதபடி செய்து பார்த்தபோது இந்தப் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானதாம். 1934-இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது இது. வேலை கடினமாகும்போதுதான் பேச்சு கூடுகிறது, அந்த நேரத்தில் போய் நிறுத்தச் சொல்கிறோம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதுக்குள் இது அடங்கிவிடும். மொழிச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குத் தாமதமாகும். நூற்றுக்கு ஏழு பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு என்கிறார்கள், அப்படியென்றால் முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். இவர்களுக்கு யோசிக்கவே வராது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம், படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னால் என் மகன் ஒரு சொல் பேசாமல் என்னை முந்திவிடுவான். ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வைக்கவேண்டிய வேலைக்குத்தான் அவனுக்குச் சொல் வேண்டியிருக்கிறது, அந்தச் சொல்லும் காதில் விழவேண்டியிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. அவன் "கடன் வாங்கு" என்று சொல்வது அச்சு அசல் என் குரல், சொல்லிக்கொடுக்கும்போது நான் இழுக்கிற அதே இழுவை. நாம் சொல்வதைத்தான் எடுத்துத் தனக்குச் சொல்லிக்கொள்கிறான். நேற்று நோட்டைத் திறந்ததும் அவன் முதலில் சொல்லிக்கொண்டது, "பேசாதே". அது என் குரல் இல்லை.

அடுத்த மாதம் தேர்வு. மெல்ல முணுமுணுக்க அவனுக்கு அனுமதி வேண்டும், முடிந்தால் தனி அறை, அதுவும் தண்டனையாக இல்லாமல், என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைப் படிக்கும் மற்ற ஆசிரியர்களிடமும் அதையேதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்