அத்தைக்கு, பத்திரம் எழுதுவதற்கு முன்

அன்புள்ள அத்தை,

அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்தது. ஏற்காட்டுத் தோட்டத்தில் உங்கள் பங்கை உங்கள் பெயருக்கே எழுதிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். இதை உங்கள் பேத்தி படித்துக் காட்டுவாள். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், தாத்தா மலையேறுவதற்கு முன் அந்த மண் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

காப்பிக் களத்தில் தாத்தா எங்களுக்குப் பாலம் காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பெரிய மர ஏணியைக் கிடத்தி, பக்கத்துக்கு மூன்று பேராக எங்கள் ஆறு பேரை நிறுத்தினார். போரில், பர்மாவில், துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டும் பெய்லி பாலத்தின் இரும்புச் சட்டத்தை இப்படித்தான் தூக்கினோம் என்றார். "ஒருத்தன் கையை விட்டா மத்த அஞ்சு பேர் கால் போயிடும். தூக்கு!" தூக்கினோம். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நீங்கள் முறத்தோடு வந்து நின்றீர்கள். "நீங்க அங்க பாலம் தூக்கின நாலு வருஷமும் நானும் அம்மாவும் இந்தக் காட்டைத் தூக்கினோம். அதையும் புள்ளைங்ககிட்டச் சொல்லுங்க."

தாத்தா ஒன்றும் பேசவில்லை. ஏணியை இறக்கச் சொன்னார். அப்புறம் நீங்கள் இருக்கும் இடத்தில் அவர் பர்மா பேச்சையே எடுத்ததில்லை.

வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். அந்தச் சட்டம் ஒன்று 10 அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்குவது உண்மைதான். 1944 டிசம்பரில் கலேவாவில் சிண்ட்வின் ஆற்றின்மேல் 1,100 அடிக்கும் நீளமாக அப்படியொரு பாலம் போட்டார்கள். தாத்தா மாதிரிப் பாலம் போடும் மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்களைத் 'தம்பி' என்றுதான் பட்டாளத்தில் கூப்பிடுவார்களாம். இரண்டாம் உலகப் போர் முடியும்போது இந்தியப் பட்டாளத்தில் 25 லட்சம் பேர். அதில் ஒருவர் நம் தாத்தா என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு கதை வருகிறது. அவர் நாற்று நட்டது 1939. காப்பி காய்க்க மூன்று நான்கு வருஷமாகும். போரில் ஐரோப்பியச் சந்தை மூடிப்போய் விலையும் விழுந்தது. 1942-இல் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஆகவே முதல் பழத்தைப் பறித்தது அவர் இல்லை. ஆயாவும் எட்டு வயசுப் பெண்ணான நீங்களும்தான். காட்டெருமையை விரட்டிக்கொண்டு, களை பிடுங்கிக்கொண்டு.

அந்த நிலத்துக்குத்தான் 1988-இல் உங்களிடம், பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்து காப்பிச் செடிகள் காய்ந்த சமயம், கடன் கழுத்தை நெரித்தது. இப்படிச் சொல்வது நியாயம் பேசுவதுபோல இருக்கும். இருந்தாலும் அப்பாவைத் திருடர் என்று யாரும் சொல்ல விடமாட்டேன், நீங்கள் உட்பட.

உங்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. போன வருஷம் தெருமுனை வரை வந்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனீர்கள். கடைசி வாரத்தில் அவர் கேட்டது உங்களைத்தான். அதை என்னால் மறக்க முடியவில்லை. பத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அத்தை. மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

பத்திர ஆபீஸுக்கு அடுத்த வாரம் போகலாம். அம்மாப்பேட்டைக்குக் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆதார் அட்டையையும் இரண்டு போட்டோவையும் எடுத்து வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்குத் தலை சுற்றும் என்று தெரியும், மெதுவாகவே ஓட்டச் சொல்கிறேன். நிலத்தை விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் இஷ்டம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, என்னிடமும்.

உங்கள் அண்ணன் மகன்