உயரப் பயிருக்குக் குட்டையான ஆய்வறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் மக்காச்சோளம், சோளம், கம்பு ரகங்களைத் தேடும் ஆய்வுகளுக்கு, வெப்பம், ஒளி, ஈரப்பதம் மூன்றையும் கட்டுப்படுத்தும் வளர்ச்சி அறைகள் வாங்கப்படுகின்றன. தரைப் பரப்பும் வெப்ப வரம்பும் பெறும் கவனம் உயரத்துக்குக் கிடைப்பதில்லை. அலமாரி வகை அறைகள் பலவற்றின் உள் உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. மக்காச்சோளமோ ஆண் பூங்கொத்து விடும்போது 2 முதல் 2.5 மீட்டர் நிற்கும். ஆகவே நான்கைந்து இலை நாற்றோடு சோதனை முடிந்துவிடுகிறது.

நாற்று வெயில் தாங்குவது வேறு, பூக்கும் செடி தாங்குவது வேறு. வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறஏற மகரந்தத்தின் முளைப்புத் திறன் சரிகிறது. வறட்சியில், மகரந்தத்தை ஏற்கும் கதிரின் பட்டிழை தாமதமாக வெளிவருகிறது. அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்திருந்தால் மணி பிடிக்காது. இவை எதையும் நாற்றில் பார்க்க முடியாது.

கணக்கு எளிது. தொட்டி அரை மீட்டர், செடி 2.5 மீட்டர், பூங்கொத்துக்கும் விளக்குக்கும் இடையே 60 சென்டிமீட்டர்: விளக்குக்குக் கீழே 3.6 மீட்டர் வேண்டும். இடைவெளி குறைந்தால் பூங்கொத்து, சென்சார் காட்டுவதைவிடச் சூடாகிவிடும். விளக்குச் சட்டம் செடியோடு ஏறி இறங்க வேண்டும், சென்சாரும் அப்படியே. ஒளியை விற்பனையாளர் தரும் ஒற்றை எண்ணாக ஏற்காமல், செடி உச்சி, கதிரை ஒட்டிய இலை, தொட்டி மட்டம் என மூன்று இடங்களில் அளந்து வாங்குங்கள். நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 2000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) வரை ஒளி தரும். உச்சியில் 1000-கூட இல்லாத அறையில் மக்காச்சோளம் வெளிறி, நெட்டையாகிச் சாயக்கூடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது ஈரப்பதம். 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் வைத்தால், காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை, அதாவது நீராவிப் பற்றாக்குறை, சுமார் 1.7 கிலோபாஸ்கல். அதே 60 சதவீதத்தோடு அறையை 40 டிகிரிக்கு ஏற்றினால் அது 2.95 ஆகிறது. செடி வாடினால் வெப்பத்தாலா, காற்றின் வறட்சியாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 1.7-இலேயே நிறுத்த ஈரப்பதத்தை 77 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். 40 டிகிரியில், விளக்குகள் முழுதாக எரியும்போது, அந்த ஈரப்பதத்தைத் தர முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். செடியில்லாத காலி அறையில் காட்டும் சோதனை போதாது.

தொட்டி அடுத்த சிக்கல். வயலில் 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் மக்காச்சோளம், நாளைக்கு 7 மில்லிமீட்டர் நீர் போகும் பருவத்தில், செடிக்கு ஒரு லிட்டருக்குமேல் செலவாக்கும். 5 லிட்டர் தொட்டி மண்ணில் செடி எடுக்கக்கூடிய நீரே ஏறக்குறைய அவ்வளவுதான். தண்ணீரை நிறுத்தினால் ஒரே நாளில் வாடும். வயலில் வாரக்கணக்கில் வரும் வறட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேர் ஆழமாக இறங்கித் தப்பிக்கும் ரகம் இங்கே தோற்றுப்போகும். தினமும் எடைபோட்டு, குடித்ததில் ஒரு பங்கை மட்டும் திரும்ப ஊற்றினால் வறட்சி மெல்ல வரும். வேரையும் ஆராய நினைத்தால் உருளைக் குழாய்கள் வேண்டும். ஹைதராபாத் அருகே பதன்சேருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட், சோளத்துக்கும் கம்புக்கும் 2 மீட்டர் நீளக் குழாய்களைப் பயன்படுத்துகிறது. அறைக்குள் அப்படிச் செய்ய, தரையில் பள்ளம் எடுத்தே கட்ட வேண்டும். பிறகு சேர்க்க முடியாது.

வெளிக்காற்று நுழைய வழியும் தேவை. இல்லையென்றால் அடர்ந்த செடிகள் கரியமில வாயுவை, வெளிக்காற்றில் உள்ள சுமார் 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 420 பங்கு) கீழே இறக்கிவிடும். மின்கோளாறில் குளிரூட்டி மட்டும் நின்று விளக்கு தொடர்ந்து எரிந்தால் அரை மணியில் பயிர் போய்விடலாம். முதன்மைக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சாராத தனி வெப்ப நிறுத்தி ஒன்று, சூடு மிஞ்சியதும் முதலில் விளக்கை அணைக்க வேண்டும்.

ஒரு சூடான அறை, ஒரு சாதாரண அறை, ஒவ்வொன்றிலும் இருபது தொட்டி வைப்பது இருபது சோதனை ஆகாது. அறைக்கு அறை உள்ள வேறுபாடும் வெப்பத்தின் விளைவும் கலந்துவிடும். அறைகளை மாற்றி மீண்டும் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு உயர அறைகள் வேண்டும்.

டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசிய ஃபைட்டோட்ரான், அதாவது சூழலைக் கட்டுப்படுத்திப் பயிர் வளர்க்கும் பொது ஆய்வுக்கூடம், 1997 முதல் இயங்குகிறது. தமிழகத்திலும் கல்லூரிக்கு ஒரு குட்டை அறை வாங்கும் பணத்தைச் சேர்த்து, எல்லோரும் முறைவைத்துப் பயன்படுத்தும் உயர அறைகள் சிலவற்றைக் கோவையில் அமைக்கலாம். ‘வெப்பம் தாங்கும் ரகம்’ என்று செய்தி வெளியிடும்போது, வெப்பம் எந்தப் பருவத்தில், எத்தனை நாள் தரப்பட்டது, மணி பிடித்ததா என்று தங்கள் செய்தியாளர்கள் கேட்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பயிர் வினையியல் ஆய்வாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்