அப்பன் சிறைக்குப் போனதும் செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பைக் திருட்டில் பிடிபட்ட 19 வயதுப் பையனைப் பற்றி சென்ற வாரம் நீங்கள் போட்ட செய்தி, 'இவரது தந்தையும் பலமுறை சிறை சென்றவர்' என்று முடிந்திருந்தது. அதைப் படித்த என் மருமகன், "விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்றார். சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலராக 26 வருடம் இருந்த எனக்கு அந்தப் பழமொழி கசந்தது.

21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்பும் முன், 1958ஆம் வருடக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றம் எங்களிடம் அறிக்கை கேட்கும். அப்படி ஒருமுறை, கட்டடக் கம்பி திருடிய இரண்டு பையன்களின் வீட்டுக்குப் போனேன். ஒரே தெரு, இரண்டு அப்பன்களும் குடி. முதல் வீட்டில் இட்லிக்கடை வைத்திருந்த அத்தை என்னைப் பேசவே விடவில்லை. "அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது சார், உடம்பெல்லாம் தடிச்சிடும், அங்க சொல்லிடுங்க" என்று வாசல்வரை வந்தார். அடுத்த வீட்டில் பையனின் பிறந்த தேதி கேட்டேன். அப்பா யோசித்தார். ரேஷன் கார்டைப் பார்க்கலாமா என்றேன். "அதுல பேரை எடுத்தாச்சு" என்றார் சித்தி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

இருவரையுமே சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பதாக எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டார் நீதிபதி. அத்தை வளர்த்தவன் மாதம் தவறாமல் என்னிடம் வந்தான். பாதி நாள் அத்தையே இழுத்து வருவார். மற்றவன் இரண்டு தடவையோடு சரி. அப்புறம் வழிப்பறி, சிறை.

இத்தோடு முடிந்திருந்தால் என் மருமகன் சொன்னதில் பாதியாவது நியாயம் என்று விட்டிருப்பேன். ஆனால் 27 வயதில் அந்த இரண்டாவது பையன் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். முதலாளி பெரிய மகான் ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து வரச் சோம்பல்பட்டு சாவியை இவன் கையில் கொடுத்தார். சாவி வந்தபின் அவனுக்கு ராத்திரி ஊர் சுற்ற நேரமில்லை. கல்யாணமும் ஆனது. பழைய கதை தெரியுமா என்று முதலாளியைக் கேட்டேன். "பேப்பர் படிக்கிற பழக்கமில்லை சார்" என்றார்.

இது ஒருவன் கதை மட்டுமில்லை. பாஸ்டன் பக்கத்துச் சீர்திருத்தப் பள்ளிப் பையன்கள் 500 பேரைப் பற்றி குளூக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதி சேர்த்த கோப்புகள், ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தின் நிலவறையில் வருடக்கணக்காகக் கிடந்தன. பிற்பாடு சாம்ப்சன், லாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைத் தூசு தட்டி, அந்தப் பையன்களில் சிலரை 70 வயதுக் கிழவர்களாகத் தேடிப்பிடித்துப் பேசினார்கள். நிலையான வேலையும் ஒத்துப்போகிற மனைவியும் அமைந்தவர்களில் பலர் குற்றத்தை விட்டிருந்தார்கள். சிறுவயதில் பட்டது வடுவே விடாது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வேறு தகுதியிழப்பு வரக்கூடாது என்கிறது அந்த 1958 சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஆனால் படத்தோடும் அப்பன் வரலாற்றோடும் ஊருக்கே செய்தி போனபின் அவன் கையில் எந்தப் பட்டறைக்காரர் சாவி கொடுப்பார்? 18 நிறையாத பிள்ளையின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. 19 என்றால் தடையில்லை, சரி. அந்தக் கடைசி வரியையாவது விட்டிருக்கலாம். அதற்குப் பதில், உள்ளே இருக்கும் அவனை இதுவரை யாராவது வந்து பார்த்தார்களா என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்,
திண்டுக்கல்