முதல் பயிற்சிக்கே முன் அனுபவம் கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் பம்பு உதிரிப்பாகங்களுக்குக் கடைசல் வேலை செய்து தரும் சிறு பட்டறை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் வேலை செய்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பட்டறை வாசலில் வந்து நின்று, பதினைந்து நாள் பயிற்சி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பது வழக்கம். பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து, 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் கோடு போட்டு அனுப்பி, பதிலே வராமல் போனவர்கள்தாம் அவர்களில் பலர். படிப்பின் ஒரு பகுதியாகக் கேட்கப்படும் முதல் பயிற்சிக்கே அனுபவம் வேண்டும் என்றால், அந்த அனுபவத்தை அவர்கள் எங்கே போய்ப் பெறுவார்கள்?

சென்ற ஆண்டு கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் வந்தார். அவர் நீட்டிய ஒரு பக்கப் பயோடேட்டாவில் மதிப்பெண்களும், 'கடின உழைப்பாளி' என்ற சொல்லும், பொழுதுபோக்காகப் பாட்டுக் கேட்பதும் இருந்தன. அன்று காலை வந்த வேறொரு கல்லூரி மாணவரின் தாளிலும் ஏறக்குறைய அவையே இருந்தன. என்னம்மா தெரியும் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சுக்கு இடைவெளி விடலாம் என்று மேசையில் கிடந்த, தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரையும் ஒரு ஷாஃப்டையும் (சுழல்தண்டு) அவரிடம் கொடுத்தேன். வாங்கியவுடன் அளக்கத் தொடங்காமல், முதலில் அதன் இரண்டு முகங்களையும் துடைத்து, மூடிப் பார்த்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று கவனித்த பிறகே ஷாஃப்டை உள்ளே வைத்தார். என் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்ப்பவர்களே அவசரத்தில் மறந்துவிடும் காரியம் இது. எங்கே பழகினாய் என்று விசாரித்தபோதுதான், அவருடைய அப்பா மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டுபவர் என்பதும், எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு விடுமுறையிலும் எரிந்த காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி எழுதி, கம்பியின் மேல்பூச்சைத் தீக்குச்சியால் சுட்டுத் துடைத்து மைக்ரோமீட்டரில் தடிமன் பார்ப்பது இவருடைய வேலை என்பதும் தெரிய வந்தன. இதை ஏன் எழுதவில்லை என்றேன். "அது வீட்டு வேலைதானே, சார்" என்றார்.

அனுபவம் இல்லாதவர் என்று திருப்பி அனுப்பப்படும் மாணவர்களில் எத்தனை பேரிடம் இப்படி எழுதப்படாத வேலை இருக்கிறதோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். மாமாவின் மளிகைக்கடையில் சரக்கு இருப்பு எழுதியவரும், சொந்தத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை எடுத்தவரும், என்ன செய்தோம், எத்தனை நாள் செய்தோம், எங்கே தவறினோம் என்று நான்கு வரி எழுதினால், எங்களைப் போன்றவர்களுக்கு ஆளை எடைபோட அது போதும். இதைக் கேட்டு வாங்கி எழுத வைக்க வேண்டியவர்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர்கள். அவர்களோ ஒரே மாதிரிப் படிவத்தை எல்லாருக்கும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த மாணவி பதினைந்து நாளும் ஒழுங்காக வந்து பழகினார். ஆனால் நான் கொடுத்த சான்றிதழை, பட்டறைக்கு இணையதளம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அவருடைய கல்லூரி ஏற்க மறுத்துவிட்டது. அதே வகுப்பில் பணம் கட்டி, வீட்டில் உட்கார்ந்தபடியே இணையவழிச் சான்றிதழ் வாங்கியவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்று அந்த மாணவி சொன்னபோது எனக்கு வருத்தத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.

அரசுத் திட்டங்களும் இந்த வயதினரை எட்டுவதாகத் தெரியவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிற்சித் திட்டம் நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களை மையமாகக் கொண்டது. மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அப்போது அறிவிக்கப்பட்டது. ஆனால் அப்போது அறிவிக்கப்பட்ட விதிகளின்படி 21 முதல் 24 வயதுக்கு உட்பட்டவராகவும், முழுநேரப் படிப்பில் இல்லாதவராகவும் இருக்க வேண்டியிருந்தது. பதினெட்டு வயதில் படித்துக்கொண்டே முதல் பயிற்சி தேடுபவருக்கு அந்த விதிகளில் இடம் இருக்கவில்லை. மாறாக, தொழிற்பழகுநர்களுக்கான 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தினாலும், நான்கு பேர் உள்ள பட்டறைகூட விரும்பினால் பழகுநரை எடுத்துக்கொள்ளலாம் என்கின்றன. சட்டமே சிறு பட்டறையை மதிக்கும்போது கல்லூரி மதிக்கக் கூடாதா?

இது கோவைக்குப் புதிதும் அல்ல. பீளமேட்டில் 1926இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் வளாகத்திலேயேதான் 1951இல் அதன் பொறியியல் கல்லூரி எழுந்தது. படிப்பையும் தொழிற்கூட வேலையையும் மாற்றி மாற்றிக் கற்பிக்கும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்புகள் அங்கே உண்டு. எல்லாக் கல்லூரிகளாலும் தொழிற்கூடம் கட்ட இயலாது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள பட்டறைகளின் பட்டியலை எடுத்து, ஆசிரியர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, மாணவர் வருவதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்வதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் இதற்குக் கைகொடுக்கலாம்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) அடியில் விழும் உலோகச் சுருள்களை அள்ளவும் டீ வாங்கவும் அனுப்பிய காலம் என் பட்டறையிலும் இருந்தது. இப்போது ஒவ்வொருவரையும் ஒரு மூத்த ஆபரேட்டரின் பொறுப்பில் விடுகிறேன். தளர்ந்த சட்டைக்கையும் தொங்கும் துப்பட்டாவும் லேத் பக்கம் வரக்கூடாது என்பதே முதல் நாள் பாடம். பதினைந்து நாள் என்பதை ஒரு மாதமாக்கினால், கடைசி வாரத்திலாவது அவர்கள் கையால் ஒரு ஜாப், அதாவது ஒரு பாகத்தின் வேலையை, முடித்துப் போவார்கள்.

வரும் மே மாதம் எங்கள் தெருவில் மூன்று பட்டறைகள் தலா இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கின்றன. எந்தக் கல்லூரியிலிருந்தும் இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.