நம்பரைச் சுவரில் எழுதுங்கள்: பூல் லீக் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸலாமும் வணக்கமும். மேஜையில் கியூ என்ற கோலால் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடும் பூல் ஆட்டத்துக்கு நம் ஊர்களுக்குள் லீக் வைப்பது பற்றி, போன வாரம் கீழக்கரையில் நீங்கள் கூடிப் பேசியபோது பின்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தவன் நான். கீழக்கரை, இராமநாதபுரம், மண்டபம், இராமேஸ்வரம், தொண்டி என்று ஊர்கள் முடிவாயின. 8-ஆம் நம்பர் கறுப்புப் பந்தைக் கடைசியாகப் போட்டு ஜெயிக்கும் எய்ட் பால் ஆடுவது என்பதும் முடிவானது. ஹேண்டிகேப், அதாவது எளியவனுக்கு இலக்கைக் குறைத்து வைக்கும் பேச்சு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "கை நல்லா இருக்கவன் ஜெயிக்கட்டும், இதுல என்ன சலுகை?" என்றார் ஒருவர். "அப்ப முதல் மாசத்தோட பாதிப் பேர் நின்னுருவான், பாத்துக்க" என்றார் இன்னொருவர். டீ ஆறியது, கூட்டம் கலைந்தது. நான் அங்கே வாயைத் திறக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

முதலில் சலுகை என்ற சொல்லை விடுங்கள். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தூரத்தைத் தனியாக வைக்கிறோம். பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டால் பார்க்க எவன் வருவான்? பூலில் அப்படிப் பிரித்து ஆட நம்மிடம் ஆள் இல்லை. ஆகவே எல்லோரையும் ஒரே ரோட்டில் விட்டு, தூரத்தை மட்டும் மாற்றுகிறோம். ஹேண்டிகேப் என்பது இவ்வளவுதான். அது இல்லாவிட்டால் புதிதாக வருகிறவன் வாராவாரம் காசு கட்டி, ஒப்புக்குச் சப்பாணியாக நின்றுவிட்டுப் போவான். நான்காவது வாரம் அவன் போனை எடுக்க மாட்டான்.

துபாயில் இருந்தபோது என் அறையில் மண்டபத்துத் தம்பி ஒருவன் இருந்தான். கேரம் போர்டில் புலி, பூலில் கைக்குழந்தை. நாங்கள் ஆடிய லீக், அமெரிக்காவின் ஏபிஏ என்ற பூல் ஆட்டக்காரர் சங்கத்தின் முறையைப் பார்த்து அமைத்துக்கொண்டது. 1979-இல் டெர்ரி பெல், லாரி ஹப்பர்ட் என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொடங்கிய அமைப்பு அது. எய்ட் பாலில் 2 முதல் 7 வரை திறன் நம்பர் தருவார்கள். 7-காரனும் 2-காரனும் மோதினால், முன்னவன் 7 ரேக், அதாவது பந்துகளை அடுக்கி ஆடும் 7 ஆட்டம், எடுக்க வேண்டும், பின்னவனுக்கு 2 போதும். தம்பி 2. எதிரே வந்த பிலிப்பைன்ஸ்காரர் 7.

முதல் ஐந்து ரேக்கும் போயே போச்சு. ஆறாவதில் அவர் கறுப்பைப் போட்டார், பின்னாலேயே கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்தும் உருண்டுபோய் உள்ளே விழுந்தது. அப்படி விழுந்தால் ரேக் எதிராளிக்கு. தம்பிக்கு ஒன்று. அடுத்ததை அவர் எடுத்து 6 ஆக்கிவிட்டார். எட்டாவது ரேக்கில் கறுப்பு மூலைப் பாக்கெட் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது, முறை தம்பியுடையது. கியூ நுனியில் சாக் கட்டியைத் தேய்த்தான், தேய்த்தான், நீலப் பொடி சட்டையெல்லாம் கொட்டும்வரை தேய்த்தான். நாங்கள் மூச்சுவிடவில்லை. அடித்தான், விழுந்தது. 6-க்கு 2 என்ற கணக்கில் மேட்ச் அவனுடையது. தோற்றவர் சிரித்துக்கொண்டே வந்து கைகொடுத்தார். அதன்பிறகு தம்பி ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

இப்போது என் கதை. ஏபிஏ-யில் இன்னொரு விதி உண்டு: ஒரு மேட்சில் ஆடும் ஐந்து பேரின் நம்பரைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக்கூடாது. எல்லாக் கெட்டிக்காரர்களும் ஒரே அணியில் சேர்ந்துவிடாமல் தடுக்கத்தான். நல்ல எண்ணம்தான். எங்கள் லீக்கிலும் அதை வைத்திருந்தார்கள். என் நம்பர் 4, அப்போதே 5-க்கு உரிய ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். கேப்டன் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, கொஞ்சம் அடக்கி வாசிங்க. உங்க நம்பர் ஏறிட்டா டீமை உடைக்கணும்."

அடக்கி வாசித்தேன். ரொம்பச் சுலபம். அந்த முறையில் ஒரு ரேக்கை எத்தனை இன்னிங்ஸில், அதாவது எத்தனை சுற்றில், முடித்தாய் என்பதும் கணக்கில் வரும். சுற்று குறைந்தால் நம்பர் ஏறும். ஆகவே ஜெயிக்கவும் வேண்டும், சுற்றையும் இழுக்க வேண்டும். சும்மா விழ வேண்டிய பந்தைப் பாக்கெட் ஓரத்தில் நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வேன். நாடகத்தில் சேர்ந்திருக்கலாம். வேண்டுமென்றே விடுகிற அடியைத் தற்காப்பு அடி என்று ஸ்கோர் ஷீட்டில் தனியாகக் குறிக்க வேண்டும் என்பது விதி. குறிக்கிறவன் எங்கள் ஆளாக இருந்தால் எப்படிக் குறிப்பான்?

இறுதி ஆட்டத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். எதிரணிப் பெரியவர் ஒருவர், மலையாளி, கியூவைக் கழற்றிப் பையில் வைத்தபடி கேட்டார்: "இதுதான் உங்க 4-ஆ?" பதில் சொல்லவில்லை. கோப்பையை ஊருக்கும் கொண்டுவரவில்லை. இப்படிப்பட்டவன் அன்றைய கூட்டத்தில் எழுந்து நியாயம் பேசுவதற்கு வாய் வரவில்லை, அதுதான் காரணம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஹேண்டிகேப் வையுங்கள். சுற்றை எண்ணுகிற முறை நமக்கு வேண்டாம், அணிக்கு உச்சவரம்பும் வேண்டாம். யார் யாரை எத்தனை ரேக்கில் வென்றார் என்பதை மட்டும் வைத்து நம்பர் போடுங்கள். அமெரிக்காவின் ஃபார்கோ நகரப் பேராசிரியர் மைக் பேஜ் உருவாக்கிய ஃபார்கோரேட் அப்படிப்பட்டதுதான். இருவரின் நம்பருக்கும் 100 புள்ளி இடைவெளி என்றால், சராசரியாகப் பலமானவன் 2 ரேக் எடுப்பதற்குள் மற்றவன் 1 எடுப்பான். 200 என்றால் 4-க்கு 1. இதில் நம்பரை இறக்க ஒரே வழிதான்: நிஜமாகவே ரேக்கைத் தோற்க வேண்டும். ரேக்கைத் தோற்றால் மேட்சும் கைவிட்டுப் போகும். தலையில் கைவைக்கும் நாடகத்துக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. இராமேஸ்வரத்தில் டேபிள் இருக்கும் இடத்தில் கடற்காற்று நேராக அடிக்கிறது. சாயங்காலமானால் துணி ஈரம் குடித்துவிடும், பந்து பாதி வழியில் சோர்ந்து நிற்கும். இராமநாதபுரத்தில் ஏசி அறை, பந்து பறக்கிறது. சுற்றை எண்ணினால் இராமேஸ்வரத்துக்காரன் எப்போதும் மட்டமானவனாகத் தெரிவான், நம்பர் குறையும், இராமநாதபுரம் வந்து ஆடும்போது அது அவனுக்கு இனாம். ரேக் வெற்றியை மட்டும் எண்ணினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். ஈரத் துணியோ காய்ந்த துணியோ, இருவரும் ஒரே டேபிளில்தானே ஆடுகிறார்கள்.

தூரத்தை எவ்வளவு குறைப்பது? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 புள்ளி இடைவெளியில் இருவருக்கும் 5 ரேக் என்று சமமாக வைத்தால், பலமானவன் நூற்றுக்கு 86 மேட்ச் ஜெயிப்பான். அவனுக்கு 5, எளியவனுக்கு 3 என்றால் அது 57 ஆகும். 6-க்கு 3 வைத்தால் 47 ஆகிவிடும். நான் 5-க்கு 3 என்பேன். வருடக்கணக்கில் கை பழக்கியவனுக்கு ஒரு விரற்கடை மேல்கை இருக்கத்தான் வேண்டும். 200 இடைவெளிக்கு 7-க்கு 2 வைத்தால் ஏறக்குறையச் சரிபாதி வருகிறது. தம்பி ஜெயித்த அதே 7-க்கு 2.

ஒரு சங்கடம் உண்டு. ஃபார்கோவில் 200 ரேக் ஆடினால்தான் ஒருவரின் நம்பர் நிலைபெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். நமக்கு முதல் சீசனில் அது வராது. விசைப்படகுக்காரர்களுக்குத் தோதாகத் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில், வைத்தால் வாரம் ஒரு மேட்சாக எட்டு மேட்ச். ஆளுக்கு 60 ரேக் தேறினால் பெரிது. ஆகவே முதல் சீசன் நம்பரைக் குத்துமதிப்பு என்று சொல்லிவிட்டே தொடங்குங்கள், வாராவாரம் திருத்துங்கள். பரிசுப் பணம் வேண்டாம், ஒரு பிரியாணி போதும். பணம் பெரிதானால் அடக்கி வாசிப்பவனும் தானாக வந்துவிடுவான்.

அணிக்கு ஐந்து பேர் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒரே டேபிளில் ஐந்து மேட்ச், மேட்சுக்கு முக்கால் மணி நேரம் என்றாலும் ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் தொண்டிக்காரன் எந்தப் பஸ்ஸில் ஊர் திரும்புவான்? மூன்று பேர் போதும்.

கடைசியாக, நம்பரைக் கமிட்டி நோட்டுக்குள் பூட்டாதீர்கள். ஸ்னூக்கர் விதிகளையே 1882-இல் ஊட்டி கிளப்பில் எல்லோரும் பார்க்க எழுதி மாட்டினார்கள். நாமும் ஐந்து ஊர் டேபிள் பக்கத்திலும் பெயர், நம்பர், போன வார ரேக் கணக்கு எல்லாவற்றையும் சுவரில் எழுதுவோம். கூட்டிக் கழித்துப் பார்க்க எட்டாம் வகுப்புப் பையனாலும் முடியவேண்டும். ஆள் முகத்தைப் பார்த்து நம்பர் போட்டார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அடக்குவது கஷ்டம். அதுவும் மச்சான், மாமன் என்று எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் ஊரில்.

கணக்கு நோட்டை நான் எழுதித் தருகிறேன். என் நம்பரை மட்டும் வேறு யாராவது போடுங்கள். தாராளமாக உயர்த்தியே போடலாம்.

இப்படிக்கு,
பின்வரிசை வடைக்காரன்
கீழக்கரை